முகத்தை மறைத்துக்கொண்ட கவிஞர்: கொரியாவின் பாக் நோஹே



நினைவுச் சொற்பொழிவு என்பது மறைந்தவர்களின் பெயரை உரக்கச் சொல்லும் நிகழ்வு. ஒரு பெயர் யாருக்குச் சொந்தம், அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் வலியை வைத்து நாம் என்ன செய்கிறோம் என்பவையும் இங்கே பேசப்பட வேண்டியவைதாம். இந்த ஆண்டு அவற்றைத் தென்கொரியக் கவிஞர் பாக் நோஹேயை முன்வைத்துப் பேசுகிறோம். நம் செய்தித்தாள்கள் 'பார்க்' என்று எழுதும் அதே குடும்பப் பெயர்தான் இந்த 'பாக்'. 1957இல் பிறந்தவர், இப்போதும் எழுதிக்கொண்டிருப்பவர். 1984இல் வெளிவந்த அவருடைய முதல் தொகுப்பு 'உழைப்பின் விடியல்'. அரசு அதைத் தடை செய்தது. தடையை மீறி ஏறத்தாழ பத்து லட்சம் பிரதிகள் கைமாறின. ஆனால் எழுதியவரின் முகம் எப்படி இருக்கும் என்று ஏழு ஆண்டுகளுக்கு அந்த நாட்டு வாசகர்களுக்குத் தெரியாது.

இன்றைய மாணவர்களுக்குக் கொரியா என்றால் பாட்டுக் குழுக்களும் தொலைக்காட்சித் தொடர்களும் நினைவுக்கு வரும். இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஹூண்டாயும் சாம்சங்கும் நினைவுக்கு வரும். 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் சங்கம் வைக்கும் உரிமைக்காக ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த நிறுவனங்களை வளர்த்த நாட்டில் அதே உரிமைக்காக நடந்த போராட்டத்தின் குரல்களில் ஒன்றுதான் பாக் நோஹே.

வளர்ச்சி என்ற சொல்லுக்கு அடியில்

1961இல் இராணுவப் புரட்சி மூலம் ஆட்சிக்கு வந்த பாக் சுங்-ஹீ 1979 வரை தென்கொரியாவை ஆண்டார். ஏற்றுமதிதான் நாட்டின் மீட்சி என்று சொல்லப்பட்டது. துணி, விக், காலணி, மின்னணுப் பொருள்கள் எல்லாம் மலிவாகப் போய்ச் சேர வேண்டுமானால் கூலியும் மலிவாக இருந்தாக வேண்டும். கிராமங்களிலிருந்து பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் சோல் நகருக்கு வந்து குவிந்தார்கள். வாரத்துக்கு ஐம்பது மணி நேரத்தைத் தாண்டிய வேலை. அதற்கு மேல் இரவுப் பணி. ஆலைப் பெண்ணைக் 'கொங்சுனி' என்றும் ஆலைப் பையனைக் 'கொங்தோரி' என்றும் ஊர் ஏளனமாக அழைத்தது. வேலையின் பெயரையே வசவாக்கும் வித்தையை அந்தச் சமூகமும் அறிந்திருந்தது.

1953இலேயே அங்கே தொழிலாளர் தரச் சட்டம் இருந்தது. காகிதத்தில் மட்டும் இருந்தது. சோல் நகரின் பியோங்ஹ்வா சந்தையில் துணி வெட்டும் தொழிலாளியாக இருந்த ஜியோன் தே-இல் அந்தச் சட்டத்தைத் தானாகப் படித்துப் புரிந்துகொண்டார். தலை நிமிர முடியாத பரண் அறைகளில் தைக்கும் சிறுமிகளுக்காக அதிகாரிகளிடம் மனு மேல் மனு கொடுத்தார். எதுவும் நடக்கவில்லை. 1970 நவம்பர் 13 அன்று, 22 வயதில், தன் உடலுக்குத் தீ வைத்துக்கொண்டு அந்தச் சட்டத்தைக் கடைப்பிடியுங்கள் என்று கேட்டபடி இறந்தார். கொரியத் தொழிலாளர் இயக்கத்தின் நவீன வரலாறு அங்கேதான் தொடங்குகிறது என்பார்கள். 1979 ஆகஸ்டில் ஒய்.எச். என்ற விக் தயாரிப்பு நிறுவனத்தின் பெண் தொழிலாளர்கள் எதிர்க்கட்சி அலுவலகத்தில் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினார்கள். காவல்துறை புகுந்தபோது கிம் கியோங்-சுக் என்ற இளம் தொழிலாளி உயிரிழந்தார். இரண்டு மாதங்களில் பாக் சுங்-ஹீ தன் உளவுத்துறைத் தலைவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து வந்த சுன் டூ-ஹ்வானின் இராணுவம் 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் மக்களைக் கொன்று குவித்தது.

குவாங்ஜு இருப்பது ஜொல்லா பகுதியில். பாக் நோஹே பிறந்ததும் அங்கேதான், தெற்கு ஜொல்லாவின் ஹாம்பியோங்கில். வளர்ச்சித் திட்டங்களில் புறக்கணிக்கப்பட்ட அந்தப் பகுதியிலிருந்து தலைநகருக்கு வந்தவர்களின் பேச்சுவழக்கே அவர்களைக் காட்டிக்கொடுக்கும். ஏளனத்துக்கு அது போதும். பாக் நோஹேக்குச் சிறு வயதிலேயே தந்தை இல்லை. 16 வயதில் சோல் வந்தார். பகலில் வேலை, இரவில் வணிக உயர்நிலைப் பள்ளி. கட்டுமானம், துணி, உலோகம், வேதிப்பொருள் என்று பல தொழில்களில் உழைத்தார்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். கொரியாவிலும் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்ட ஒரு மக்கள் பிரிவு இருந்தது. விலங்கறுப்பும் தோல் வேலையும் செய்த அவர்களைப் 'பெக்ஜோங்' என்றார்கள். 1894இன் சீர்திருத்தங்கள் சட்டப்படி அந்த நிலையை ஒழித்தன. நடைமுறையில் இழிவு நீடித்தது. 1923இல் ஜின்ஜு நகரில் அவர்கள் 'ஹியோங்பியோங்சா' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இறைச்சி நிறுக்கும் தராசைச் சமத்துவத்தின் அடையாளமாக்கிய பெயர் அது. நாம் படிக்க வேண்டிய வரலாறு அது. ஆனால் பாக் நோஹே அந்தப் பிரிவின் கவிஞர் என்று நாம் சொல்லவில்லை. அவர் பேசியது வர்க்க ஒடுக்குமுறையை. சாதியும் வர்க்கமும் ஒன்றல்ல என்று அம்பேத்கர் வழியில் பேசிவரும் நாம், வேறுபாட்டை அழித்துவிட்டு ஒற்றுமை தேட வேண்டியதில்லை. இழிவுபடுத்தப்பட்ட மக்களிடமிருந்து எழுத்து எப்படிப் பிறக்கிறது, பிறந்த பின் அதற்கு என்ன நேர்கிறது என்ற இடத்தில்தான் அவர் நமக்கு வேண்டியவராகிறார்.

தானே வைத்துக்கொண்ட பெயர்

பெற்றோர் வைத்த பெயர் பாக் கி-பியோங். 'பாக் நோஹே' அவர் கட்டியமைத்த பெயர். கொரிய மொழியில் 'பாக்ஹே' என்றால் ஒடுக்குதல். 'நோதோங்ஜா' என்றால் தொழிலாளி. 'ஹேபாங்' என்றால் விடுதலை. இவற்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் பாக்-நோ-ஹே: ஒடுக்கப்படும் தொழிலாளரின் விடுதலை. கேட்பதற்குச் சாதாரண மனிதப் பெயர் போலவே இருக்கும். விவரம் தெரிந்தவர்களுக்கு அது ஒரு முழக்கம்.

'தலித்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டவர்களும் இதைத்தான் செய்தார்கள். ஊர் வைத்த பெயரை உதறிவிட்டு, தன் நிலையையும் போராட்டத்தையும் ஒரு சொல்லுக்குள் வைத்துக்கொள்வது. பாக் நோஹே அதோடு நிற்கவில்லை. புனைபெயருக்குப் பின்னால் இருக்கும் ஆளை வெளியே காட்டவேயில்லை. காவல்துறையின் தேடல் முதல் காரணம். ஆனால் அந்த மறைவுக்கு இன்னொரு விளைவும் இருந்தது. ஆலையில் அந்தப் புத்தகத்தைத் திருட்டுத்தனமாகப் படித்த ஒவ்வொருவருக்கும் அதை எழுதியவர் பக்கத்து எந்திரத்தில் நிற்பவராக இருக்கலாம் என்று தோன்றியது. முகம் இல்லாததால் அந்தக் கவிதைகளுக்குப் பல முகங்கள் கிடைத்தன.

வேறொரு பேச்சும் எழுந்தது. இவ்வளவு தேர்ந்த கவிதைகளை ஒரு தொழிலாளி எழுதியிருக்க முடியுமா, படித்தவர் யாரோ எழுதியதாக இருக்குமோ, ஒரு குழுவின் புனைபெயராக இருக்குமோ என்ற ஐயம். இந்த ஐயம் நமக்குப் புதிதல்ல. ஒடுக்கப்பட்டவர் மோசமாக எழுதினால் அது இலக்கியம் இல்லை. நன்றாக எழுதினால் அவர் எழுதியது இல்லை. இரண்டு வாசலும் ஒரே வீட்டின் வாசல்தான்.

கவிதைகள் என்ன செய்கின்றன

அவருடைய வரிகளை இங்கே எடுத்தாளப் போவதில்லை. சில கவிதைகள் எதைப் பற்றியவை என்று மட்டும் சொல்கிறோம்.

'கைக் கல்லறை' என்ற கவிதையில், குழந்தைகள் தினத்தன்று மகனைப் பூங்காவுக்கு அழைத்துப் போக நினைத்திருந்த ஒரு தொழிலாளியின் கை எந்திரத்தில் துண்டாகிவிடுகிறது. முதலாளியின் கார் இருக்கிறது, மேலாளரின் கார் இருக்கிறது. இரத்தம் சிந்தும் ஆளை ஏற்ற ஒன்றும் வருவதில்லை. சரக்கு லாரியில்தான் போகிறார். துண்டான கையை அவர் மனைவியிடமும் மகனிடமும் எப்படிக் காட்டுவது? சக தொழிலாளி அதை வைத்துக்கொண்டு தவிக்கிறான். வேலையிட விபத்துச் சட்டம் பற்றிய புத்தகம் தேடி நகரத்தின் பெரிய புத்தகக் கடைக்குப் போகிறான். மலைபோல் குவிந்த புத்தகங்களில் தொழிலாளிக்கான புத்தகம் ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஆலையின் சுவரோரம் வெயில் படும் இடத்தில் அந்தக் கையைப் புதைக்கிறான். கார்களின் பெயர்களைக்கூடக் கவிதை சொல்லிவிடுகிறது; அந்தப் பட்டியலே அந்த ஆலையின் படிநிலை வரைபடம். சமூகவியல் வகுப்பில் ஒரு பருவம் முழுக்கச் சொல்லித்தரும் விஷயத்தை, யாரை எந்த வண்டி ஏற்றாமல் போனது என்ற ஒரே கேள்வியில் அது காட்டிவிடுகிறது.

'கைரேகையை அழைக்கிறோம்' என்று ஒரு கவிதை. அடையாள அட்டை எடுக்கப் போகும் தொழிலாளிகளின் விரல்களில் ரேகை பதிவதில்லை. வேலை அதைத் தேய்த்துவிட்டது. நீதான் நீ என்பதற்கு அரசு கேட்கும் சான்றையே உழைப்பு அழித்துவிட்டிருக்கிறது. ரேஷன் கடைக் கருவி முன்னால் விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கும் நம் வீட்டுப் பெரியவர்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது.

'வானம்' என்ற கவிதையில் தொழிலாளிக்கு மேலே இருப்பவர்கள் எல்லோரும் வானமாகிறார்கள். சம்பளம் தரும் முதலாளி வானம், அடிபட்ட கையைக் காப்பாற்றவோ விடவோ முடிகிற மருத்துவர் வானம், பிடித்துப் போகும் காவலர் வானம். தான் யாருக்கு வானம் என்று அவன் கேட்டுக்கொள்கிறான். ஒருவர் மற்றவரை அழுத்தாமல், ஒருவருக்கொருவர் வானமாக இருக்கும் உலகத்தை விரும்புவதில் கவிதை முடிகிறது. ஏறும்போது மரியாதையும் இறங்கும்போது இழிவும் கூடும் படிநிலை என்று அம்பேத்கர் சாதியை விளக்கியதை அறிந்தவர்களுக்கு இந்தக் கவிதையின் அமைப்பு உடனே பிடிபடும்.

நமக்கு மிக முக்கியமாகப் படுவது 'மெத்தைப் போர்வை தைத்தபடி' என்ற கவிதை. தொழிலாளி வீட்டில் உட்கார்ந்து போர்வை தைக்கிறான். மனைவியும் ஆலைத் தொழிலாளிதான். அவளும் வேலை முடித்துத்தான் வருகிறாள்; வந்த பிறகு சமைப்பது, துவைப்பது எல்லாம் அவள். ஆலையில் முதலாளி தன்னை எப்படி நடத்துகிறானோ அப்படித்தான் வீட்டில் தான் அவளை நடத்தி வந்திருக்கிறேன் என்று ஊசி ஏறி இறங்கும்போது அவனுக்குப் புரிகிறது. ஒடுக்கப்பட்டவன் தனக்குள் இருக்கும் ஒடுக்குபவனைப் பார்க்கிற இடம் இது. 1984இல், போராட்டக் களத்தின் ஆண்கள் பலருக்கு இது கேட்க இனிமையான செய்தியாக இருந்திருக்காது. நம் மேடைகளிலும் இன்று இது இனிமையாக இல்லை.

அவருக்கு முன்பே எழுதியவர்கள்

கொரியத் தொழிலாளர் இலக்கியம் என்றால் பாக் நோஹேயின் பெயரை முதலில் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் 1970களின் துணி ஆலைச் சங்கங்களைக் கட்டியவர்கள் பெண்கள். எழுதவும் செய்தார்கள். சோங் ஹியோ-சூன் தன் அனுபவத்தைச் 'சோலுக்குப் போகும் பாதை' என்ற நூலாக 1982இல் வெளியிட்டார். சோக் ஜியோங்-நாமின் 'ஆலையின் விளக்குகள்', ஜாங் நாம்-சூவின் 'பறிக்கப்பட்ட வேலையிடம்' இரண்டும் 1984இல், அதாவது 'உழைப்பின் விடியல்' வந்த அதே ஆண்டில் வெளிவந்தன. இரவுப் பள்ளிகளிலும் சங்கக் கூட்டங்களிலும் எழுதப் பழகியவர்களின் தன்வரலாறுகள் இவை.

இவற்றை விமர்சகர்கள் ஆவணம் என்றார்கள். பாக் நோஹே எழுதியதை இலக்கியம் என்றார்கள். கவிதை வடிவத்துக்குக் கிடைக்கும் மரியாதை ஒரு காரணம். ஆண் தொழிலாளியே தொழிலாளியின் இலக்கணம் என்ற பழக்கம் இன்னொரு காரணம். தன்வரலாறுதான் தலித் பெண்களுக்குக் கதவைத் திறந்த வடிவம் என்பதையும், அதையே 'வெறும் அனுபவம்' என்று ஒதுக்கியவர்கள் இருந்ததையும் நாம் அறிவோம். முகமற்ற கவிஞரின் கதையை வியந்து சொல்லும்போது, முகத்தோடும் சொந்தப் பெயரோடும் எழுதிய இந்தப் பெண்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முகம் வெளிப்பட்ட நாள்

1987 ஜூனில் கொரிய மக்கள் வீதியில் இறங்கி நேரடித் தேர்தலை வென்றார்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை நாடு முழுவதும் வேலைநிறுத்த அலை. ஹூண்டாயின் உல்சான் ஆலைகளும் அதில் முன்னணியில் இருந்தன. தேர்தல் சனநாயகம் வந்தது. தொழிலாளிக்கு அது எவ்வளவு தூரம் போதும் என்ற விவாதமும் வந்தது. பாக் நோஹே போதாது என்ற பக்கம் நின்றார். சட்டக் கல்லூரி மாணவராக இருந்த பேக் தே-உங் உள்ளிட்டோருடன் சேர்ந்து 1989 நவம்பரில் தென்கொரியச் சோசலிசத் தொழிலாளர் கூட்டமைப்பு என்ற தலைமறைவு அமைப்பை அறிவித்தார். கொரியச் சுருக்கம் 'சானோமேங்'. பிரிந்த நாட்டின் தென்பாதியில், 1948 முதல் நடப்பில் இருக்கும் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 'சோசலிசம்' என்ற சொல்லை வெளிப்படையாக வைத்துக்கொள்வது மரண தண்டனையை அழைப்பதற்குச் சமம்.

1991 மார்ச்சில் கைது செய்யப்பட்டார். உளவுத்துறைக் காவலில் 24 நாட்கள் சித்திரவதை செய்யப்பட்டதாக அவருடைய வாழ்க்கைக் குறிப்பு பதிவு செய்கிறது. நாடு அவர் முகத்தைப் பார்த்தது அப்போதுதான். கைவிலங்கோடு, சிரித்த முகமாக. அரசுத் தரப்பு மரண தண்டனை கேட்டது. ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சிறையிலிருந்தபோதே 1993இல் 'உண்மையான தொடக்கம்' என்ற இரண்டாம் கவிதைத் தொகுப்பும், 1997இல் 'மனிதர் மட்டுமே நம்பிக்கை' என்ற கட்டுரை நூலும் வெளிவந்தன. கிம் டே-ஜுங் அதிபரான பிறகு 1998 ஆகஸ்ட் 15 அன்று பொதுமன்னிப்பில் விடுதலையானார். ஏழரை ஆண்டுகள் உள்ளே இருந்தார்.

விடுதலைக்குப் பிறகு

அவரைப் பற்றிய கருத்து பிளவுபடுவது இங்கேதான். சோவியத் ஒன்றியம் உடைந்த காலத்தைச் சிறைக்குள் கழித்தவர் அவர். பழைய வழி முடிந்துவிட்டது, மனிதருக்குள் மாற்றம் இல்லாமல் அமைப்பில் மாற்றம் நிலைக்காது என்ற முடிவுக்கு வந்தார். சிறை நூல் பெருவாரியாக விற்றது. அதே 1997ஆம் ஆண்டின் இறுதியில் கொரியா பன்னாட்டு நிதியத்திடம் கடன் கேட்டு நின்றது. அடுத்த ஆண்டே ஆட்குறைப்பு சட்டமானது. இலட்சக்கணக்கானோர் வேலையிழந்து, நிரந்தரத் தொழிலாளர் ஒப்பந்தத் தொழிலாளர் ஆகிக்கொண்டிருந்த நேரத்தில், தொழிலாளரின் விடுதலையைப் பெயரில் சுமந்தவர் உள்ளத்தின் நம்பிக்கை பற்றிப் பேசினால் ஆலையில் நிற்பவருக்கு எப்படி இருக்கும்? பழைய தோழர்களின் கசப்பு நியாயமற்றது என்று நாம் சொல்ல மாட்டோம்.

ஆனால் அவர் செய்ததையும் பார்க்க வேண்டும். சனநாயகப் போராளி என்று அரசு அவரை ஏற்று மதிப்பை மீட்டளித்தபோது, இழப்பீட்டுப் பணத்தை மறுத்துவிட்டார். கடந்த காலத்தை விற்று இன்றைய நாளை வாழ மாட்டேன் என்பது அவர் நிலைப்பாடு. அவருடைய தோழர்கள் பலர் அரசியலுக்குள் போனார்கள், அவர் போகவில்லை. 2000இல் 'பகிர்வுப் பண்பாடு' என்று பொருள்படும் 'நானும் முன்ஹ்வா' என்ற அமைப்பைத் தொடங்கினார். அரசிடமோ பெருநிறுவனங்களிடமோ நிதி வாங்குவதில்லை என்பது அதன் விதி. 2003இல் ஈராக் போர் தொடங்கியபோது அங்கே போனார். பிறகு பாலஸ்தீனம், குர்திஸ்தான், எத்தியோப்பியா, பர்மா, இந்தியா என்று பழைய பிலிம் கேமராவோடு அலைந்து கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தார். 2010இல் முந்நூறுக்கும் மேற்பட்ட கவிதைகளோடு 'ஆகவே நீ மறைந்துபோகாதே' வந்தது. 2022இல் வந்த தொகுப்பின் பெயர் 'உன் வானத்தைப் பார்'. 1984இல் முதலாளியின் உருவமாகத் தலைமேல் கவிழ்ந்திருந்த அதே வானம், இப்போது ஒவ்வொருவருக்கும் சொந்தமானதாகப் பெயரில் திரும்பி வருகிறது.

தன் முகத்தை மறைத்தவர் பிறர் முகங்களைப் படமெடுப்பது எப்படி என்ற கேள்வியும் உண்டு. வயலில் நிற்கும் ஏழையின் படம் சோல் நகரக் காட்சிக் கூடத்தில் அழகாகத் தொங்கும்போது, அந்த ஏழையின் கூலியும் நிலமும் பற்றிய விவரம் படத்துக்கு வெளியே போய்விடும் ஆபத்து இருக்கிறது. 'கைக் கல்லறை' கார்களின் பெயர்களைச் சொன்னது. படங்கள் அப்படிச் சொல்வதில்லை. இந்தக் குறையைச் சொல்லிவிட்டுத்தான் நாம் அவரைப் பாராட்டுகிறோம்.

நமக்கு

இங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று என்று கருதுகிறோம்.

முதலாவது, எழுத்துக்கு ஆதாரம் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே நம் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை. நீ உண்மையில் தொழிலாளியா என்ற கேள்விக்குப் பாக் நோஹே ஏழு ஆண்டுகள் பதில் தரவில்லை. புத்தகம் அதன் வாசகர்களிடம் போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது, போர்வை தைக்கும் அந்தக் கவிதை. ஒடுக்குமுறையைப் பற்றி எழுதும் உரிமையோடு, நம் வீட்டுக்குள் நாம் யாருக்கு வானமாக இருக்கிறோம் என்று கேட்கும் கடமையும் வருகிறது. இயக்கத்தில் பெண்கள் தேநீர் போடுகிற வரை நம் கூட்டங்களின் தீர்மானங்கள் முழுமை பெறாது.

மூன்றாவதுதான் கடினமானது. வலி விலைபோகும் காலம் இது. விழாக்களும் விருதுகளும் பதிப்பகங்களும் நம் காயங்களைக் கேட்டு வருகின்றன. உரிய இழப்பீட்டை மறுக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. வன்கொடுமையில் குடும்பத்தை இழந்தவர் சட்டப்படி வர வேண்டிய ஒவ்வொரு ரூபாயையும் போராடிப் பெற வேண்டும், பெற்றுத்தரும் வேலை நம்முடையது. கொரியாவிலும் இழப்பீடு பெற்றவர்கள் எவரும் அதனால் குறைந்துவிடவில்லை. பாக் நோஹேயின் மறுப்பு நமக்குத் தருவது விதி இல்லை, ஒரு கேள்வி: ஒரு மக்கள் கூட்டம் சேர்ந்து பட்ட பாட்டிலிருந்து பிறந்த சொல்லை, ஒரு தனி ஆள் தன் கணக்கில் எவ்வளவு தூரம் வரவு வைத்துக்கொள்ளலாம்? எழுதுகிற மாணவர்கள் முதல் புத்தகம் வருவதற்கு முன்பே இதைத் தமக்குள் பேசிக்கொள்வது நல்லது. பிறகு பேச நேரம் கிடைப்பதில்லை.

துண்டான கையைப் புதைத்தவனுக்கு அந்தப் பெரிய கடையில் ஒரு புத்தகம் கிடைக்கவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் 'உழைப்பின் விடியல்' வந்து நின்றது. நம் மக்கள் தேடிப் போய்க் கிடைக்காமல் திரும்பும் புத்தகங்கள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன: நிலம் பற்றி, மலக்குழி மரணங்கள் பற்றி, உதவித்தொகை பற்றி, வழக்கு நடத்துவது பற்றி. அவற்றை எழுதும் வேலையை இந்த மன்றத்தில் அமர்ந்திருக்கும் உங்களிடம் வைக்கிறோம். அட்டையில் யார் பெயர் வரும் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.